டிராக்டர் ஆயில் குடித்த அம்பாசடர்

கேள்வி: அப்பா காலத்து அம்பாசடர் காரை இன்னமும் ஓட்டுகிறோம். சந்தைக்குக் காய்கறி கொண்டுபோவது, பிள்ளைகளைப் பள்ளியில் விடுவது எல்லாம் அதில்தான். மழைக்கு இரண்டு மாதம் எடுக்காமல் நின்றது. இப்போது பிரேக் மிதித்தால் வண்டி இடப்பக்கம் இழுக்கிறது. இரண்டு மூன்று தடவை மிதித்தால்தான் பிடிக்கிறது. பிரேக் ஆயில் குறைந்திருந்ததால் டிராக்டர் ஆயிலைக் கொஞ்சம் ஊற்றினோம். சரிதானா?
- வாசகர், ஒட்டன்சத்திரம் வட்டம்

பதில்: சரியில்லை. இந்தப் பதிலைப் படித்ததும் காரை ஓரமாக நிறுத்திவிடுங்கள். பட்டறைக்குக்கூட ஓட்டிப் போக வேண்டாம். மெக்கானிக்கை வீட்டுக்கு வரவழையுங்கள்.

வழக்கமாக இந்தப் பக்கத்துக்கு உரமும் பூச்சியும்தான் வரும். ஆனாலும் இந்தக் குழப்பம் பல வீடுகளில் இருக்கிறது. டிராக்டரில் பிரேக் தட்டே ஆயிலில் நனைந்துதானே ஓடுகிறது என்பார்கள். அங்கே ஆயிலின் வேலை சூட்டைத் தணிப்பது. காரில் பிரேக் ஆயில்தான் உங்கள் கால் அழுத்தத்தைச் சக்கரம் வரை கொண்டுபோகிறது. அது வேறு வகைத் திரவம். அதற்கென்று செய்த ரப்பர் வாஷர்களில் என்ஜின் ஆயிலோ டிராக்டர் ஆயிலோ பட்டால் அவை ஊறி உப்பிவிடும். இன்றைக்குப் பிடிக்கும் பிரேக் நாளைக்கு இறுகி நிற்கலாம், அல்லது அடியோடு விட்டுப்போகலாம். பழைய அம்பாசடரில் பெரும்பாலும் நாலு சக்கரத்துக்கும் ஒரே ஆயில் பாதை. ஒரு இடத்தில் விட்டால் நாலும் போச்சு. பிறகு கைப்பிரேக் மட்டும்தான். அதுவும் பின்சக்கரத்துக்கு மட்டும்.

எனவே ஆயிலை வடித்து மாற்றினால் மட்டும் போதாது. மாஸ்டர் சிலிண்டர் கிட், வீல் சிலிண்டர் கிட், ரப்பர் ஹோஸ் எல்லாம் புதிதாகப் போட்டு, குழாய்களைக் கழுவி, ஏர் எடுக்க வேண்டும். செலவுதான், இதில் சிக்கனம் பார்க்காதீர்கள். வண்டி உற்பத்தி 2014-இல் நின்றாலும் இந்தச் சாமான்கள் கடையில் கிடைக்கின்றன.

இடப்பக்கம் இழுப்பதால் இடது பிரேக்கைக் கழற்றச் சொல்வார்கள். விடாதீர்கள். இடது பிடிக்கிறது, வலது பிடிக்கவில்லை என்பதுதான் பெரும்பாலும் அதற்குப் பொருள். முதலில் வலது முன்சக்கர டிரம்மைத் திறக்கச் சொல்லுங்கள். நின்ற வண்டியில் வீல் சிலிண்டர் பிஸ்டன் துருப்பிடித்துச் சிக்கியிருக்கும். அல்லது ஆயில் கசிந்து லைனிங் நனைந்திருக்கும். நனைந்த லைனிங்கைத் தேய்த்துப் போடுவது வீண் வேலை. இரண்டு பக்கமும் ஜோடியாக மாற்றுங்கள். டிரம்முக்குள் இருக்கும் தூசியை வாயால் ஊதக் கூடாது. பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், ஈரத்துணியால் துடையுங்கள்.

பல தடவை மிதித்தால் பிடிப்பதற்கு இரண்டு காரணம் உண்டு. இரண்டாவது மிதியில் பெடல் கல்போல் நின்றால் ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி கூடியிருக்கிறது. அட்ஜஸ்ட் செய்தால் தீரும். பஞ்சுபோல் அமுங்கினால் உள்ளே காற்று. மிதித்தபடி காலை வைத்திருக்கும்போது பெடல் மெல்ல இறங்கிக்கொண்டே போனால் அது வேறு கோளாறு: ஆயில் எங்கோ கசிகிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டர் வாஷர் போய்விட்டது.

புது ஆயில் டாட் 3 என்று பார்த்து, சீல் உடையாத டப்பாவாக வாங்குங்கள். திறந்து வைத்த யூரியா மூட்டைபோல அது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஈரம் ஏறிய ஆயில் மலை இறக்கத்தில் சூடாகி ஆவியானால் பெடல் தரைவரை போகும்.

வேலை முடிந்ததும் ஆளில்லாத களத்தில் மெதுவாக ஓட்டி, பத்துப் பதினைந்து தடவை பிரேக் பிடித்துப் பாருங்கள். நேராக நின்றால் பிள்ளைகளை ஏற்றலாம்.