காகிதத்தில் மட்டும் பத்திரமாக இருந்த கப்பல்

கப்பல் விபத்து என்றதும் எல்லோருக்கும் டைட்டானிக் தான் ஞாபகத்துக்கு வரும். ஜாக், ரோஸ், பனிப்பாறை... அதோடு கதை முடிந்தது. ஆனால் அதிகம் பேசப்படாத ஒரு விஷயம் இருக்கிறது. 1912-ல் அந்தக் கப்பல் புறப்பட்டபோது அதில் இருந்த 20 உயிர்காக்கும் படகுகள், சட்டம் கேட்டதை விட அதிகம்! 10,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல் என்றால் 16 படகு போதும் என்று விதி. டைட்டானிக்கோ 46,000 டன். ஆய்வாளர் வந்தார், பார்த்தார், கையெழுத்துப் போட்டார். விதிப்படி எல்லாம் சரி. சுமார் 1,500 பேர் இறந்து போனார்கள். அந்த விதியை வைத்திருந்த, கப்பலுக்குச் சான்றிதழ் கொடுத்த அதே பிரிட்டிஷ் வர்த்தக வாரியத்தின் பேரில்தான் பிறகு விசாரணையும் நடந்தது. இது எப்படி இருக்கு?

கப்பல் ஆய்வாளர் என்று ஒரு வேலை இருப்பதே பலருக்குத் தெரியாது. பைலட் தெரியும், கேப்டன் தெரியும். ஆனால் துறைமுகத்தில் நிற்கும் கப்பலுக்குள் டார்ச்சோடும் சுத்தியலோடும் இறங்குகிற மனிதரை யாரும் சினிமாவில் காட்டுவதில்லை. துருப்பிடித்த தகட்டைத் தட்டி, சத்தத்தை வைத்தே அது எவ்வளவு மெலிந்திருக்கிறது என்று ஊகிப்பார். சரக்கறையின் விளிம்பில் சாக்பீஸ் தடவி, மூடியை மூடித் திறப்பார். மூடியின் ரப்பரில் சாக்குத் தடம் தொடர்ச்சியாக விழாத இடத்தில் தண்ணீர் புகும் என்று அர்த்தம். கப்பலின் அடியில் உள்ள மூடிய தொட்டிக்குள் இறங்குவது அதைவிட ஆபத்து. இரும்பு துருப்பிடிக்கும்போது காற்றில் உள்ள ஆக்சிஜனைத் தின்று விடும். காற்றைச் சோதிக்காமல் இறங்கினால் ஆளே திரும்பி வரமாட்டார்.

இவ்வளவும் செய்து அவர் 'சரி' என்று சொன்னால் யாரும் நன்றி சொல்லப் போவதில்லை. 'முடியாது, கப்பல் கிளம்பக் கூடாது' என்று சொன்னாலோ எல்லோருக்கும் எதிரி. ஒரு நாள் கப்பல் நின்றால் முதலாளிக்கு எவ்வளவு நஷ்டம்! இந்த வேலையின் உண்மையான பரீட்சை அந்த 'முடியாது'வில் தான் இருக்கிறது.

அமெரிக்காவின் 'மரைன் எலெக்ட்ரிக்' கதை இதற்கு நல்ல உதாரணம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் எண்ணெய்க் கப்பலாகக் கட்டி, பிறகு சரக்குக் கப்பலாக மாற்றியது. 1983 பிப்ரவரியில் நிலக்கரி ஏற்றிக்கொண்டு வர்ஜீனியாவிலிருந்து மாசசூசெட்ஸுக்குக் கிளம்பியது. கடும் புயல். பிப்ரவரி 12-ம் தேதி விடிவதற்கு முன் கவிழ்ந்தது. 34 பேரில் உயிர் பிழைத்தவர்கள் 3 பேர் மட்டுமே.

பெரும்பாலானவர்களைக் கொன்றது குளிர். ஹெலிகாப்டர் வந்து கூடையை இறக்கியது. ஆனால் கை விறைத்துப் போனவர்களால் அதில் ஏற முடியவில்லை. தண்ணீரில் குதித்து அவர்களைத் தூக்கிவிட கடலோரக் காவல்படையிடம் அப்போது நீச்சல் வீரர்களே கிடையாது. கடற்படையிலிருந்து ஒருவர் வர வேண்டியிருந்தது.

ஏன் மூழ்கியது? வழியில் தத்தளித்த ஒரு மீன்பிடி படகுக்கு உதவப் போனபோது கப்பல் தரைதட்டியிருக்கும் என்றது கப்பல் நிறுவனம். அதாவது யார் மேலும் தப்பில்லை, விதி. நல்ல வேளையாக, பிழைத்த மூவரில் ஒருவர் தலைமை அதிகாரி ராபர்ட் குசிக். சரக்கறை மூடிகள் எவ்வளவு மோசமாக இருந்தன என்று அவர் சாட்சி சொன்னார். இதற்கு மூன்று வருடம் முன்பு, 1980-ல், அதே போர்க் காலத்துக் கப்பலான 'போயட்' 34 பேரோடு தடயமே இல்லாமல் மறைந்தது. அங்கே சாட்சி சொல்ல ஒருவர் கூட மிஞ்சவில்லை. அதனால் கேள்வியும் அப்படியே அமுங்கிப் போனது.

மரைன் எலெக்ட்ரிக் விசாரணைக் குழுவில் இருந்தவர் கேப்டன் டொமினிக் காலிக்கியோ. வணிகக் கப்பல்களில் வேலை பார்த்துவிட்டு கடலோரக் காவல்படைக்கு வந்தவர். கப்பலின் உள்பக்கம் எப்படி இருக்கும் என்று அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. காகிதங்களைப் பிரித்துப் பார்த்தபோது அதிர்ச்சி காத்திருந்தது. மூடிகள் பழுதுபார்க்கக் கழற்றி வைக்கப்பட்டிருந்த நாட்களில் அவற்றை ஆய்வு செய்ததாகப் பதிவு இருந்தது! மூடிகளைத் தயாரித்த நிறுவனத்தின் ஆள் 1982-லேயே எச்சரித்திருந்தார். யாரும் சோதிக்கவில்லை. அரசின் ஆய்வும் நடந்தது, வகைப்பாட்டுச் சங்கத்தின் ஆய்வும் நடந்தது. ஆனால் ஓட்டை மட்டும் அப்படியே இருந்தது.

இங்கேதான் கவனிக்க வேண்டும். அந்தக் குழு விரல் நீட்ட வேண்டியிருந்தது கப்பல் நிறுவனத்தின் மேல் மட்டும் அல்ல, தன் சொந்தத் துறையின் ஆய்வாளர்கள் மேலும் தான். குழு அதைச் செய்தது. சொந்த அலுவலகத்தைப் பற்றி கசப்பான உண்மையை எழுதுவதற்கு, புயலில் கப்பல் ஓட்டுவதை விட அதிக தைரியம் வேண்டும்.

பலன் கிடைத்தது. குளிர்கடலில் போகும் கப்பல்களில் உடல் சூட்டைக் காக்கும் உடை கட்டாயமானது. நீச்சல் மீட்பு வீரர்களை உருவாக்கச் சொல்லி 1984-ல் அமெரிக்க நாடாளுமன்றம் உத்தரவிட்டது. ஆய்வுகள் இறுகின. போர்க் காலத்துப் பழைய கப்பல்கள் பல உடைக்கப் போயின.

ஆனால் வேர் அப்படியே இருந்தது. கப்பலைச் சோதிக்கிற வகைப்பாட்டுச் சங்கத்துக்குக் கட்டணம் கொடுப்பது கப்பல் முதலாளி. மாணவனே தன் பேப்பரைத் திருத்துபவருக்கு சம்பளம் கொடுத்தால் எப்படி இருக்கும்? பெயிலானவர் பட்டியல் எவ்வளவு நீளம் இருக்கும்?

2015 அக்டோபர் 1-ம் தேதி 'எல் ஃபாரோ' என்ற அமெரிக்கச் சரக்குக் கப்பல் ஜோக்கின் புயலில் மூழ்கி, இருந்த 33 பேரும் இறந்தார்கள். 40 வருடப் பழைய கப்பல். திறந்த உயிர்காக்கும் படகுகள். புயலை நோக்கிப் போனது கேப்டனின் தவறான கணிப்பு தான், மறுக்க முடியாது. ஆனால் அந்தக் கப்பலின் ஆய்வுகளில் பெரும்பகுதியை அரசு சார்பாகச் செய்து வந்தது வகைப்பாட்டுச் சங்கம். அதைக் கடலோரக் காவல்படை சரியாகக் கண்காணிக்கவில்லை என்று விசாரணையே சொன்னது. 32 வருடம் கழித்து மறுபடியும் அதே பாடம்!

இதற்கு ஒரு நியாயமான பதில் உண்டு. உலகம் முழுக்க ஓடும் கப்பல்களைச் சோதிக்க எந்த அரசிடமும் போதுமான ஆள் இல்லை. வகைப்பாட்டுச் சங்கங்களிடம் நல்ல பொறியாளர்கள் இருக்கிறார்கள், எல்லாத் துறைமுகங்களிலும் ஆள் இருக்கிறது. அவர்கள் எல்லோரும் விலைபோனவர்கள் என்று சொல்வது அநியாயம். பழைய கப்பல் எல்லாம் மோசமும் இல்லை. சரிதான். அவர்களே சோதிக்கட்டும். ஆனால் அவர்கள் சோதித்ததை மறுபடி சோதிக்க, அனுபவமுள்ள அரசு ஆய்வாளர் எப்போதும் இருக்க வேண்டும். அந்த ஆளை உருவாக்க இருபது, முப்பது வருடம் ஆகும். மூன்று வருடத்துக்கு ஒருமுறை இடமாற்றம் செய்துகொண்டே இருந்தால் சுத்தியல் சத்தத்தை யார் கற்றுக்கொள்வது?

இரண்டாவது, சான்றிதழ் கொடுப்பவரும் விசாரிப்பவரும் ஒருவராக இருக்கக் கூடாது. பிரிட்டன் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டது. 1987 மார்ச் 6-ல் 'ஹெரால்ட் ஆஃப் ஃப்ரீ என்டர்பிரைஸ்' முன்கதவு திறந்தபடியே பெல்ஜியத்தின் ஜீப்ரக் துறைமுகத்தை விட்டுக் கிளம்பி 193 பேரைப் பலிகொண்டது. கதவு மூடியிருக்கிறதா என்று காட்ட ஒரு விளக்கு வேண்டும் என்று கேப்டன்கள் முன்பே கேட்டிருந்தார்கள். நிர்வாகம் கண்டுகொள்ளவில்லை. ஒரு விளக்கு, அவ்வளவுதான்! அதன் பிறகு 1989-ல் கடல் விபத்துகளை விசாரிக்க மட்டும் தனி அமைப்பு உருவானது. யாரைத் தண்டிப்பது என்று பார்ப்பது அதன் வேலை அல்ல, அடுத்த கப்பல் மூழ்காமல் பார்ப்பது தான். அமெரிக்காவிலும் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் தனியாக விசாரிக்கிறது. ஆனாலும் கடலோரக் காவல்படை ஆய்வும் செய்கிறது, தன் ஆய்வையே விசாரிக்கவும் செய்கிறது. ஒவ்வொரு முறையும் ஒரு காலிக்கியோ கிடைப்பார் என்று நம்பி ஒரு அமைப்பை நடத்த முடியாது.

மூழ்காத கப்பலுக்குச் செய்தி இல்லை. நாற்பது வருடம் கப்பல் கப்பலாக ஏறி இறங்கி ஓய்வு பெறும் ஒரு ஆய்வாளர் எத்தனை உயிரைக் காப்பாற்றினார் என்று அவருக்கே தெரியாது. அதனால் அவரிடம் எத்தனை சான்றிதழில் கையெழுத்துப் போட்டீர்கள் என்று கேட்காதீர்கள். எத்தனை முறை பேனாவை மூடி வைத்தீர்கள் என்று கேளுங்கள்.