நுண்வடிகுழாய்க்கு வரி குறைந்தது. நிவோலுமாபுக்கு ஏன் விலக்கில்லை?

2025 செப்டம்பர் 22 முதல், தமனிக்குள் மருந்து செலுத்த உதவும் நுண்வடிகுழாய் (மைக்ரோகத்தீட்டர்) உள்ளிட்ட மருத்துவச் சாதனங்களுக்கு ஜிஎஸ்டி 12 விழுக்காட்டிலிருந்து 5 ஆகிவிட்டது. இனிக் கொல்கத்தாவில் தலை-கழுத்துப் புற்றுக்குத் தமனிவழி கீமோவைப் பரவலாக்கலாமா என்று கேட்பவர்களுக்கு நம் பதில்: ஆய்வுக்கு வெளியே வேண்டாம்.

அறுவைக்கு ஆகாத நான்காம் நிலை நோயாளிகள் 239 பேரிடம் நெதர்லாந்தில் நடந்து 2010இல் வெளியான சமவாய்ப்பு ஆய்வை யாரும் மறந்துவிட முடியாது. சதுர மீட்டருக்கு 150 மி.கி. சிஸ்பிளாட்டின் வாரந்தோறும் நான்கு தடவை தமனியில், கூடவே அதை முறிக்கச் சிரையில் தயோசல்ஃபேட். மறுபக்கம் வழக்கம்போல் சிரையில் 100 மி.கி. மூன்று தடவை. கதிர்வீச்சு இரு குழுக்களுக்கும் உண்டு. நோய்க் கட்டுப்பாட்டிலும் உயிர்வாழ்விலும் வித்தியாசம் தெரியவில்லை. தமனிக் குழுவில் சிறுநீரகம் ஓரளவு தப்பியது, நரம்புப் பாதிப்பு கூடியது. மேல்தாடைக் குழிவுப் புற்றில் ஜப்பானியர் அனுபவம் நம்பிக்கை தருவதுதான். ஆனால் அவர்களுடைய ஜேசிஓஜி 1212 ஆய்வில் ஒப்பீட்டுக் குழு கிடையாது. இந்தியாவின் 2019 புதிய மருந்துகள், மருத்துவப் பரிசோதனை விதிகளின்படி புதிய செலுத்துவழியும் 'புதிய மருந்து'தான். அறநெறிக் குழு ஒப்புதலோடு கல்விசார் ஆய்வாகச் செய்ய வழி இருக்கிறது. செய்யுங்கள்.

நம்மை உறுத்துவது வேறு. அதே செப்டம்பர் 22 அன்று 33 மருந்துகளுக்கு வரி முற்றிலும் நீங்கியது. அந்தப் பட்டியலில் அட்டெசோலிசுமாப் இருக்கிறது, அவெலுமாப் இருக்கிறது. தலை-கழுத்துப் புற்றுக்குத் தரப்படும் நிவோலுமாப் இல்லை, செடுக்சிமாபும் இல்லை. இந்திய ஆண்களிடம் முதலிடத்தில் நிற்பது வாய்ப் புற்று. முற்றிய தலை-கழுத்துப் புற்றில், மூன்று வாரத்துக்கு ஒருமுறை வெறும் 20 மி.கி. நிவோலுமாபை, குறைந்த அளவில் தொடர்ந்து தரும் வாய்வழி (மெட்ரோனமிக்) மருந்துகளோடு சேர்த்தபோது ஓராண்டு உயிர்வாழ்வு 16.3இலிருந்து 43.4 விழுக்காடானது; அதைக் காட்டியது மும்பை டாடா மெமோரியல், அயல்நாடு அல்ல. 40 மி.கி. குப்பி ஒன்றை ஒரே நாளில் இரண்டு நோயாளிகளுக்குப் பகிர்ந்து ஏற்ற வேண்டிய மருந்துக்கு இன்னும் 5 விழுக்காடு வரி! பட்டியல் போட்டவர்கள் நம் நாட்டு ஆய்வையே படிக்கவில்லையா? கொல்கத்தாவில் ஹாஸ்ரா, ராஜர்ஹாட் புற்றுநோய் மருத்துவமனைகளில் முற்றிய நிலையில் வந்து நிற்கும் கைனி, குட்கா நோயாளிக்காகப் பேச ஆளில்லை என்பதாலா? இவர்கள் ஏழைகள், குரலற்றவர்கள், பலருக்கு நாக்கே இல்லை. அலட்சியம் என்பதைத் தவிர இதற்கு வேறு பெயர் நமக்குத் தெரியவில்லை.

காப்பீட்டு பிரீமியத்தின் மீதான வரியை நீக்கச் சொல்லி 2024 ஆகஸ்டில் மத்திய நிதியமைச்சருக்கு எழுதியவர் மேற்கு வங்க முதல்வர். தனிநபர் காப்பீட்டுக்கு அது நீங்கியும் விட்டது. கேட்டால் கிடைக்கிறது. வங்கத்துப் புற்றுநோய் மருத்துவர்கள் கூடி, நிவோலுமாபை விலக்குப் பட்டியலில் சேர்க்க ஜிஎஸ்டி மன்றத்தில் வலியுறுத்தச் சொல்லி மாநில நிதித்துறைக்கு இப்போதே மனு கொடுக்க வேண்டும்.