நம் கடிதம் நம் கையில்

கடிதத்திற்காக வாசலில் காத்திருந்த காலம் ஒன்று இருந்தது. அஞ்சற்காரர் கொடுத்த கடிதத்தைப் படித்து முடித்ததும், சுவரில் தொங்கும் வளைந்த கம்பியில் குத்தி வைப்பார் என் தாத்தா. வரி ரசீதும், கல்யாணப் பத்திரிகையும், வேலை உத்தரவும் அந்தக் கம்பியிலேயே இருந்தன. எது வேண்டுமானாலும் கம்பியைக் கழற்றித் தேடினால் கிடைத்தது. இன்று கடிதம் மின்னஞ்சலாகிவிட்டது. அந்தக் கம்பி எங்கே போயிற்று? இதுவே என் கேள்வி.

சென்ற தீபாவளிக்கு அப்பாவுக்கு வந்த போனஸ் பணத்தில் எங்கள் வீட்டிற்கு ஒரு கணிப்பொறி வாங்கினோம். அதில் மின்னஞ்சலை எந்த முறையில் படிப்பது என்று ஒரு வாரம் விவாதம் நடந்தது. 'இதெல்லாம் ஒரு விஷயமா?' என்று நண்பர்கள் நகைக்கக்கூடும். எங்களுக்கு அது பெரிய விஷயமே. காரணத்தைச் சொல்கிறேன்.

என் அண்ணன் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் பிரிவு முடித்தவர். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் அப்ரண்டிஸ் பயிற்சிக்கு விண்ணப்பித்தார். விண்ணப்பத்தில் மின்னஞ்சல் முகவரி கேட்டிருந்தார்கள். கடைத்தெரு பிரௌசிங் சென்டரில் ஒரு முகவரியை உருவாக்கி, கடவுச்சொல்லைத் துண்டுச் சீட்டில் எழுதித் தந்தார்கள். உறுதி செய்யும் எண்ணாகக் கடையின் கைப்பேசி எண்ணே பதிவாயிற்று. சீட்டு தொலைந்தது. நேர்முகத் தேர்வுக்கான அழைப்பு அண்ணன் கண்ணில் பட்டபோது, குறித்த தேதி கடந்து ஒன்பது நாட்கள் ஆகியிருந்தன. தொழிற்சாலையைக் குறை சொல்ல முடியாது. கடைக்காரரும் உதவத்தான் செய்தார். எங்கள் கடிதப் பெட்டியின் சாவி எங்களிடம் இல்லை, அதுதான் குறை.

மின்னஞ்சலைப் படிக்க மூன்று வழிகள் உண்டு. முதலாவது, இணைய உலாவியைத் திறந்து படிப்பது. சபீர் பாட்டியாவும் ஜாக் ஸ்மித்தும் 1996 ஜூலை 4 அன்று தொடங்கிய ஹாட்மெயில் இம்முறையைப் பரப்பியது. 2004 ஏப்ரல் 1 அன்று 1 ஜிபி இடத்துடன் வந்த ஜிமெயில் இதையே உலக வழக்கமாக்கியது. அஞ்சல் நிலையத்திற்கே போய், அங்கேயே படித்து, அங்கேயே வைத்துவிட்டு வருவது போன்றது இது. எந்த ஊரிலிருந்தும் படிக்கலாம். ஆனால் கடிதம் நம் வீட்டிற்கு வருவதே இல்லை.

இரண்டாவது, 'பாப்' முறை. 1984இல் முதல் வடிவமும் 1988இல் மூன்றாம் வடிவமும் பெற்றது. கடிதத்தை நம் கணிப்பொறிக்கு இறக்கிக்கொண்டு வருவது இதன் வேலை. வீட்டில் இணையம் இல்லாவிட்டாலும் பழைய கடிதத்தைப் படிக்கலாம். ஆனால், 'பிரதியை அங்கேயும் வை' என்று குறிப்பிடாவிட்டால், இறக்கிய கடிதம் அங்கிருந்து நீக்கப்படுவது இதன் பழைய வழக்கம். கணிப்பொறி பழுதானால் கடிதமும் போயிற்று!

மூன்றாவது, 1986இல் மார்க் கிறிஸ்பின் வகுத்த 'ஐமேப்' முறை. கடிதம் நிலையத்திலும் இருக்கும், பிரதி வீட்டிலும் இருக்கும். கைப்பேசியில் படித்தது கணிப்பொறியிலும் படித்ததாகவே காட்டும். ஒன்று கவனிக்க வேண்டும்: ஓரிடத்தில் அழித்தால் எல்லா இடத்திலும் அழியும்.

எங்கள் வீட்டில் மூன்றாவது வழியே தீர்ப்பாயிற்று. விலையின்றிக் கிடைக்கும் தண்டர்பேர்டு என்னும் மென்பொருளை நிறுவினோம். விண்டோஸுடன் வந்த 'மெயில்' செயலிக்கு 2024 டிசம்பர் 31உடன் ஆதரவு முடிந்துவிட்டதால், உடன்வருவதையே நம்பியிருத்தல் கூடாது என்று கண்டோம். மதிப்பெண் பட்டியல், அழைப்பு, உத்தரவு ஆகியவை வந்தால் கணிப்பொறிக்குள்ளேயே தனி உறையில் ஒரு பிரதி வைக்கிறோம். அதுவே எங்கள் புதிய கம்பி. நால்வருக்கும் ஒரே இயந்திரம் என்பதால் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கும் தனிக் கடவுச்சொல்லும் உண்டு. அண்ணனின் கடிதத்தை நான் படிப்பது முறையாகுமா?

'கையில் கைப்பேசி இருக்கும்போது இவ்வளவு பாடு எதற்கு?' என்று கேட்டான், பொன்னேரிக்கு என்னுடன் ரயிலில் வரும் நண்பன். கடிதம் வந்த செய்தியை உடனே அறியக் கைப்பேசியே சிறந்தது, மறுக்கவில்லை. ஆனால் கைப்பேசி தொலையும். ரீசார்ஜ் செய்யாமல் விட்ட எண் வேறொருவருக்குப் போய்ச் சேரும். இரண்டாண்டு பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை நீக்கலாம் என்று கூகுள் நிறுவனம் 2023இல் அறிவித்தது. பிறர் இடத்தில் இலவசமாக வைத்த பொருளுக்கு நாம் முழு உரிமையாளர் ஆவதில்லை.

தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று நம் திருவள்ளூர் மாவட்டத்துக் காக்களூரில்தான் தொடங்கியது. கருவி ஏழை வீடுகளுக்கும் வந்தது, பெருமைதான். ஆனால் கருவியைத் தருவது வேறு, அதன் சாவியை வைத்துக்கொள்ளக் கற்பிப்பது வேறு. நம்முள் பலர் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். தவறினால் எடுத்துச் சொல்ல வீட்டில் ஆளில்லை.

ஆகவே பேராசிரியர்களுக்கு ஒரு பணிவான வேண்டுகோள். முதலாண்டு மாணவர் சேர்ந்த முதல் வாரத்தில் கணிப்பொறிக் கூடத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஒவ்வொருவரும் தம் பெயரில், தம் எண்ணில், தாமே தேர்ந்த கடவுச்சொல்லில் ஒரு முகவரி அமைக்கட்டும். எந்த வழியில் படிப்பது என்பதைப் பிறகு அவரவர் வசதிப்படி முடிவு செய்துகொள்ளலாம்.

அண்ணன் இவ்வாண்டு மீண்டும் விண்ணப்பித்திருக்கிறார், சொந்த முகவரியில். இரவு வேலைக்கு வந்ததும் சட்டையைக் கழற்றுமுன் கணிப்பொறியைத் திறந்து பார்க்கிறார். இம்முறை அழைப்பு வந்தால் அது எங்கள் வீட்டிற்கே வரும்.