அறுபதா, அறுபத்தைந்தா?

ஒரே கோர்ட்டு, ஒரே மாதிரி வேலை. ஆனால் நீதிபதி பெண்ணாக இருந்தால் 60 வயதில் ஓய்வு. ஆணாக இருந்தால் 65 வயதில்! போலந்து தேசத்தில் 2017-ஆம் ஆண்டில் இப்படி ஒரு சட்டம் வந்தது. அதுவரை இருவருக்கும் 67 வயது.

“சீக்கிரம் ஓய்வு கிடைத்தால் நல்லதுதானே!” என்கிறீர்களா? சூட்சுமமே வேறு இடத்தில் இருக்கிறது, நேயர்களே. மேலும் பதவியில் இருக்க விரும்பினால் நீதி மந்திரியிடம் அனுமதி கேட்க வேண்டும். அவர் கொடுக்கலாம், மறுக்கலாம், பதிலே சொல்லாமல் இழுத்தடிக்கலாம். அந்தச் சமயத்தில் சர்க்காரின் மீதே ஒரு வழக்கு விசாரணைக்கு வந்தால், பாவம், நீதிபதியின் மனம் என்ன பாடுபடும்!

அடுத்த ஆண்டு சுப்ரீம் கோர்ட்டின் முறை. 70 ஆக இருந்த ஓய்வு வயதை 65 ஆக்கினார்கள். நீதிபதிகளில் சுமார் மூன்றில் ஒரு பங்கினர் போக வேண்டிய நிலை. தலைமை நீதிபதி மால்கொர்ஸாதா கெர்ஸ்டார்ஃப் அம்மையாருக்கும் வயது 65. தமது ஆறு வருஷப் பதவிக் காலம் அரசியல் சட்டம் தந்தது என்று சொல்லி, 2018 ஜூலை 4-ஆம் தேதி அந்த அம்மாள் வழக்கம்போல் வேலைக்கு வந்துவிட்டார்!

இதில் வெளியாருக்கு என்ன வேலை? போலந்து 2004-இல் ஐரோப்பிய யூனியனில் சேர்ந்த நாடு. யூனியனின் சட்டப்படி சம ஊதியம் கேட்கும் ஒரு பெண் முதலில் ஏறுவது உள்ளூர்க் கோர்ட்டின் படியைத்தான். அங்கே நீதிபதி மந்திரியின் முகத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னால், சட்டம் வெறும் ஏட்டுச் சுரைக்காய். ஆகவேதான், மக்களுக்குத் தக்க நீதிப் பாதுகாப்புக் கிடைக்க அங்கத்தினர் நாடுகள் வழிசெய்ய வேண்டும் என்று யூனியன் ஒப்பந்தத்தின் 19-ஆவது ஷரத்து விதிக்கிறது.

லக்ஸம்பர்கிலுள்ள யூனியன் நீதிமன்றம் 2018 அக்டோபரில் இடைக்கால உத்தரவு போட்டது. போலந்து பணிந்து, நீதிபதிகளைத் திரும்ப அமர்த்தியது. 2019 ஜூன் 24-இல் சுப்ரீம் கோர்ட்டு வழக்கிலும், நவம்பர் 5-இல் 60, 65 வழக்கிலும் போலந்துக்கு எதிராகவே தீர்ப்பு. சட்டத்தைத்தான் திருத்திவிட்டோமே என்ற சமாதானம் எடுபடவில்லை. கெர்ஸ்டார்ஃப் அம்மையார் 2020 ஏப்ரலில், தம் காலம் முடிந்த பிறகே விடைபெற்றார்.

நீதிபதிக்குப் பயம் இல்லாமல் இருந்தால்தான், கோர்ட்டுப் படி ஏறுகிறவளுக்குத் தைரியம் வரும்!