படிக்கப்படாத சீட்டு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கட்டட வேலை செய்யும் ஒரு தாய் தன் ஏழு வயது மகனைச் சங்கத்துக்கு அழைத்து வந்தார். பையனுக்குக் கன்னம் வீங்கியிருந்தது. மூன்று இரவுகளாகத் தூக்கமில்லை. தாயின் கையில் ஒரு கசங்கிய சீட்டு. ஓராண்டுக்கு முன் பள்ளியில் சோதித்தவர்கள் கொடுத்தது. கன்னடத்தில் இருந்ததால் படிக்க முடியாமல் அரிசி டப்பாவில் பத்திரமாக வைத்திருந்தார். "பல்லில் சொத்தை தொடங்கியுள்ளது, மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவும்" என்பதே செய்தி.

அன்றே போயிருந்தால் அடைத்துக் காப்பாற்றியிருக்கலாம். இப்போது பிடுங்க வேண்டியதாயிற்று. அது விழுந்து முளைக்கும் பால் பல் அல்ல. ஆறு வயதில் வந்து ஆயுளுக்கும் இருக்க வேண்டிய கடைவாய்ப் பல்.

யாரைக் குறை சொல்வது? கன்னடம் படிக்கத் தெரிந்தவர்கள் சங்கத்தில் பலர் இருக்கிறோம். அந்தத் தாய் நம்மிடம் வர நாம் வழி செய்யவில்லை. முதல் குற்றம் நம்முடையது.

தோழர்களே, 2002-03இல் இந்தியப் பல் மருத்துவக் கவுன்சில் எடுத்த தேசிய ஆய்வில், ஐந்து வயதுக் குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குச் சொத்தை இருந்தது. இது தலைவிதி அல்ல. வாயிலுள்ள கிருமிகள் இனிப்பைத் தின்று அமிலத்தை உண்டாக்குகின்றன. அந்த அமிலம் பல்லின் சுண்ணாம்புச் சத்தைக் கரைக்கிறது. வேலைக்கு ஓடும் அவசரத்தில் நாம் கொடுக்கும் பன்னும் பிஸ்கட்டும், தூங்க வைக்கக் கொடுக்கும் சர்க்கரைப் பால் புட்டியுமே அக்கிருமிகளுக்குத் தீனி.

சொத்தை கறுப்பாகத் தொடங்குவதில்லை. மாதம் ஒருமுறை பகல் வெளிச்சத்தில் குழந்தையை மடியில் கிடத்தி, மேலுதட்டைத் தூக்கிப் பாருங்கள். முன்பற்களில் ஈறை ஒட்டிச் சுண்ணாம்பு தீற்றியதுபோல வெள்ளைக் கோடு தெரிந்தால் அதுவே ஆரம்பம். வலி இருக்காது. அந்த நிலையிலேயே இரவுப் புட்டியை நிறுத்தி, ப்ளோரைடு கலந்த பற்பசையால் இருவேளையும் துலக்கினால் முற்றாமல் தடுக்கலாம். மூன்று வயதுக்குள் அரிசியளவு பசை, அதற்குமேல் பட்டாணியளவு. பழுப்போ பள்ளமோ தெரிந்தால் வைத்தியரிடம் போங்கள். ஆறு வயதானால் பால் பற்களுக்குப் பின்னால் வந்திருக்கும் புதிய பல்லையும் மறவாமல் பாருங்கள்.

2013இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்னும் அரசுத் திட்டத்தின்படி, அங்கன்வாடிக் குழந்தைகளை ஆண்டுக்கு இருமுறையும், அரசுப் பள்ளிப் பிள்ளைகளை ஒருமுறையும் மருத்துவக் குழு சோதிக்க வேண்டும். பல் நோயும் அதில் அடக்கம். மேல்சிகிச்சை இலவசம். இது பிச்சை அல்ல, உரிமை. கர்நாடகத்தின் முதல் அங்கன்வாடிகள் 1975இல் நம் மைசூர் மாவட்டத்து டி. நரசிபுராவில்தான் தொடங்கின. அதே மாவட்டத்தில், இடம் மாறி இடம் மாறிப் பிழைக்கும் நம் பிள்ளைகளின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லாமல் போகலாமா?

எனவே மூன்று கோரிக்கைகள். வேலைத்தலத்துக் குழந்தைகளையும் அங்கன்வாடியில் பதிய வேண்டும். சீட்டைக் கொடுப்பதோடு நில்லாமல், தாய்க்குப் புரியும் மொழியில் வாயால் சொல்ல வேண்டும். ஒருநாள் கூலியை இழக்காமல் வர, நகரத்துப் பல் மருத்துவக் கல்லூரிகள் ஞாயிறன்று நம் குடியிருப்புகளில் முகாம் நடத்த வேண்டும்.

நம் பங்கும் உண்டு. இனி ஞாயிறுதோறும் சங்கத்தில் எந்தச் சீட்டையும் படித்துச் சொல்வோம். அரிசி டப்பாவில் இருப்பதை எடுத்து வாருங்கள். வண்டி போன பிறகு டிக்கெட் வாங்கிப் பயனில்லை.