கம்ப்யூட்டர் சொன்னா வேதவாக்கா?

ஒரு நிமிடம் இப்படி யோசிச்சுப் பாருங்க நண்பர்களே.

நீங்க ஒரு சின்ன கடை நடத்துறீங்க. ராத்திரி கல்லாவை எண்ணினா, கம்ப்யூட்டர் காட்டுற கணக்கை விட பணம் குறையுது. நீங்க ஒரு பைசா எடுக்கல. ஹெல்ப்லைனுக்கு ஃபோன் போட்டா, "உங்களுக்கு மட்டும்தான் இந்தப் பிரச்சினை"ங்கிறாங்க. கடைசியில கோர்ட்டுல நிக்கிறீங்க. இந்தப் பக்கம் நீங்க. அந்தப் பக்கம் ஒரு பெரிய நிறுவனமும் அதோட கம்ப்யூட்டரும். நீதிபதி யாரை நம்புவார்?

இது கற்பனை இல்லை. பிரிட்டனில் நடந்தது.

அங்கே பெரும்பாலான கிளை தபால் நிலையங்களை தனிநபர்கள்தான் ஒப்பந்தத்தில் நடத்துகிறார்கள். 1999-இல் அவற்றுக்கு 'ஹொரைசன்' என்ற சாஃப்ட்வேர் வந்தது. கணக்கில் துண்டு விழ ஆரம்பித்தது. கைக்காசைப் போட்டு சரிக்கட்டச் சொன்னார்கள். அதோடு விடவில்லை. 2015 வரை 700-க்கும் மேற்பட்டவர்கள் மீது தபால் நிறுவனமே திருட்டு, பொய்க்கணக்கு என்று வழக்குப் போட்டது. சிறைக்குப் போனவர்கள் உண்டு, வீட்டை இழந்தவர்கள் உண்டு, உயிரை விட்டவர்களும் உண்டு.

கோர்ட் ஏன் நிறுவனத்தை நம்பியது? 'கம்ப்யூட்டர் சரியாகத்தான் வேலை செய்திருக்கும்' என்று வைத்துக்கொள்வது அந்த நாட்டுச் சட்டம். தப்பா வேலை செஞ்சதுன்னு சொல்றவர்தான் அதுக்கு ஆதாரம் காட்டணும். ஆனா அந்த ஆதாரம், அதாவது சாஃப்ட்வேரில் வந்த பிழைகளின் பதிவேடு, இருந்தது எதிர்த்தரப்பிடம்! சாவியை அவங்க பாக்கெட்டுல வெச்சுக்கிட்டு, உன்னைக் கதவைத் திறன்னு சொன்ன கதை.

வேல்ஸில் தன் கிளையை இழந்த ஆலன் பேட்ஸ் விடவில்லை. 555 பேர் ஒன்றாக வழக்குத் தொடுத்தார்கள். பதிவேடுகள் வெளியே வந்தன. 2019-இல் லண்டன் உயர் நீதிமன்றம் ஹொரைசனில் பிழைகள் இருந்ததை உறுதி செய்தது. நிறுவனத்தின் வாதம், இந்தக் காலத்தில் பூமி தட்டை என்று சாதிப்பதற்குச் சமம் என்றார் நீதிபதி. 2021-இல் ஒரே நாளில் 39 பேரின் தண்டனை ரத்தானது. 2024-இல் தனிச் சட்டமே போட்டு நூற்றுக்கணக்கானோரை விடுவித்தார்கள். இருபது வருஷம் போச்சு. அதை யார் திருப்பித் தருவா?

நமக்கும் இதில் பாடம் இருக்கு. 2024 ஜூலை முதல் அமலில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியம், 63-வது பிரிவில், மின்னணு ஆவணத்தோடு ஹேஷ் மதிப்பு உள்ள சான்றிதழையும் கேட்கிறது. நல்ல விஷயம்தான். ஆனா இன்ஜினியரிங் படிச்சவங்களுக்குத் தெரியும்: ஃபைலை யாரும் மாத்தலைன்னுதான் ஹேஷ் சொல்லும். சாஃப்ட்வேர் போட்ட கணக்கே சரியான்னு சொல்லாது. தப்பான கணக்குக்கும் அழகா ஒரு ஹேஷ் வரும்!

அதனால் நாம் கேட்க வேண்டியது ஒன்றுதான். கம்ப்யூட்டர் கணக்கை வைத்து ஒருவர் மேல் ஒரு நிறுவனம் குற்றம் சுமத்தினால், அந்த சாஃப்ட்வேரின் பிழைப் பதிவேட்டையும் அதே மேசையில் வைக்கட்டும். நம்பகத்தன்மை பெயர்ப்பலகையில் வருவதில்லை. கணக்கைத் திறந்து காட்டுவதில்தான் வருகிறது.

நீங்களும் ஒண்ணு செய்யுங்க. கடன் ஆப்போ, டெலிவரி கணக்கோ, கடை பில்லிங்கோ, எதுல சந்தேகம் வந்தாலும் ஃபோன்ல பேசி விட்றாதீங்க. எழுத்துல புகார் கொடுங்க. ஸ்கிரீன்ஷாட், தேதி, புகார் எண் எல்லாத்தையும் பத்திரமா வைங்க.

"உங்களுக்கு மட்டும்தான்"னு யாராவது சொன்னா உடனே நம்பிடாதீங்க. 555 பேரில் பலரிடமும் அதையேதான் சொன்னாங்க.

#கணக்கைக்_காட்டு