நீர்முள்ளிக்கும் ஓர் இடம்

நாகர்கோவில் நாகராஜா திருக்கோயிலின் மூலவர் கருவறைக்கு இன்றும் ஓலைக்கூரையே. அங்கு ஊறும் ஈரமண்ணே அடியார்க்குப் பிரசாதம். புல்லறுத்த பெண்ணொருத்தியின் அரிவாள் பட்டு நாகர் வெளிப்பட்டார் என்பது வழிவழியாக வரும் தலவரலாறு.

அத்தகைய ஈர நிலத்துச் செடியே நீர்முள்ளி. நாஞ்சில் நாட்டு வரப்போரங்களிலும் குளக்கரைகளிலும் தானே முளைத்து, மழை ஓய்ந்த மார்கழி, தையில் நீலஊதா நிறத்தில் பூக்கும். சித்த மருத்துவர்க்கு இது நீர்முள்ளிக் குடிநீருக்கு உரிய மூலிகை. ஆனால் கணுதோறும் கூரிய முள் இருப்பதால் மாலை தொடுக்க எவரும் இதை நாடுவதில்லை. வயல் மனையாகும்போது இதுவும் உடன் மறைகின்றது.

மனிதர் ஒதுக்கிய இச்செடியைத் தேனீக்கள் ஒதுக்குவதில்லை. மயிற்பீலிக் கண் போன்ற புள்ளிகள் கொண்ட செம்மஞ்சள் வண்ணத்துப்பூச்சி ஒன்று உண்டு; ஆர்வலர்கள் அதனை மயில் வசீகரன் என்பர். அது முட்டையிடத் தேடும் செடிகளுள் நீர்முள்ளியும் ஒன்று. கோடையில் பிறப்பது சிறகை மூடினால் உதிர்ந்த சருகென்றே தோன்றும். அதன் புழு கருமையாய், முள்முள்ளாய் இருக்கும்; தோற்றந்தான் அச்சுறுத்தும், தீங்கு செய்யாது. இலையை அரிக்கிறதென்று புழுவுக்கு மருந்தடித்துவிட்டு, பட்டாம்பூச்சியைக் காணோமே என்று வருந்துவது விந்தையே.

பிற உயிர்களுக்கு உணவிடும் பூத யஜ்ஞத்தை இல்லறத்தார் கடமைகளுள் ஒன்றாகவே சாத்திரங்கள் வைத்தன. காக்கைக்குச் சோறும் எறும்புக்கு அரிசிமாவும் இடும் கைகளுக்கு இதுவும் அரிதன்று.

புழக்கடையில் அங்கணத்து நீர் கசியும் வெயிலான மூலையே போதும். சோப்பு நீர் கலவாமல், அரிசியும் காய்கறியும் கழுவிய நீர் அங்கே செல்லட்டும். மண் ஈரமாக இருந்தால் போதும். நீர் தேங்கினால் கொசு பெருகும். புரட்டாசியில், ஐப்பசி மழைக்கு முன், விதையை மண்மேல் தூவிவிடலாம். நனைந்ததும் விதை கொழகொழத்து மண்ணில் ஒட்டிக்கொள்ளும். பேரக்குழந்தைகள் ஓடியாடும் பாதையில் மட்டும் வேண்டாம். முள் காலைப் பதம் பார்க்கும்.

பங்குனி, சித்திரையில் செடி காய்ந்த பின்பும் உடனே அரிவாள் வைக்காமல், இலையடியிலும் தண்டிலும் கூட்டுப்புழு தொங்குகிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு அறுக்கலாம். உதிர்ந்த விதை அடுத்த மழைக்குத் தானே முளைக்கும்.